பச்சைப் பலாப் பலகை

உலக்கை பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை இற்றுப்போய்த்தான் என் பெண்டாட்டி அம்சவேணி திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். "சாமை அரைக்கிற மெஷின் ஒண்ணு நம்மூட்டுல ஓடட்டுங்க. அந்தச் சத்தத்தப் போன்ல கேட்டா அடுத்த பஸ்ஸுல வாரேன்" என்று சொல்லிப் போய் ஒன்றரை வருடம்.

துறையூரில் மூட்டை தூக்கி, பழைய மெஷின் ஒன்றை வாங்கிக் கொல்லிமலைக்கு ஏற்றினேன். களத்தில் நிறுத்தினேன். பெரிய மோட்டார். கிளம்பும்போது அது இழுக்கிற கரண்டுக்குக் கடைச் சுவிட்சு இரண்டு கருகிப்போயின. நானே ஒன்று செய்தேன். இரண்டு விரல் அகலத்தில் செம்புப் பட்டைகள், அவற்றைக் கவ்விக்கொள்ளச் செம்பு நாக்குகள், அழுத்த ஒரு மரப்பிடி. எல்லாவற்றையும் ஒரு பலாப் பலகையில் அறைந்தேன். அந்த மரம் போன வாரக் காற்றில்தான் சாய்ந்தது.

பக்கத்துக் காட்டுச் சின்னக்கண்ணு எட்டிப் பார்த்தான். "ஏன் மாமா, இது சுவிட்சா, எலிப்பொறியா?"

"உன் வாலு மாட்டுனா தெரியும், போடா."

சாமை கொட்டுகிற களத்தில் எங்கள் ஊரில் யாரும் செருப்போடு கால் வைக்க மாட்டோம். கழற்றிவிட்டு நின்றேன். காலை மழையில் தரை நனைந்திருந்தது. அம்சவேணிக்குப் போன் போட்டு, போனைச் சாக்கின் மேல் வைத்தேன்.

"அம்சா, கேளு கண்ணு."

இடது கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மரப்பிடியை அழுத்தினேன். மெஷின் உறுமியது. கை தோள்வரை வெட்டி இழுத்தது. அலறிக்கொண்டு பின்னால் விழுந்தேன். சின்னக்கண்ணு ஓடிப்போய்ச் சுவரிலிருந்த ஃபியூஸைப் பிடுங்கினான்.

"ஏனுங்க! என்னாச்சுங்க? பேசுங்க!"

"ஒண்ணுமில்ல. பலகை பச்சை. ஈரத்துல கரண்டு ஏறிக்கிச்சு."

"வெறுங்கால்லயா நின்னீங்க?"

"களத்துல பின்ன எப்படி நிக்கறது?"

"அது எப்பக் காயும்?"

"ரெண்டு மாசம் ஆகும் புள்ள."

"நம்ம கட்டில்ல என் பக்கத்துப் பலகை நல்லாக் காஞ்ச வேங்கைங்க. அதக் கழட்டுங்க. மெஷினக் களத்த உட்டு நகத்திச் செருப்புப் போட்டு நில்லுங்க."

"அதக் கழட்டுனா, வந்து எங்க படுப்ப?"

"மொதல்ல நான் வரணுமில்லீங்க."

ஒன்றரை வருடமாக அந்தப் பக்கம் நான் புரண்டுகூடப் படுத்ததில்லை. வீட்டுக்குள் போய் ஆணிகளைப் பிடுங்கினேன். ஒவ்வொன்றும் முனகிக்கொண்டு வந்தது. பலகை கழன்றதும் பாதிக் கட்டில் பள்ளமாய்க் கிடந்தது. கட்டிலைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தரையில் பாயை விரித்தேன், இரண்டு பேர் படுக்கிற அகலத்துக்கு.