கடைசி பெஞ்சில் எழுதியது

காலை பத்து நாற்பதுக்குப் பேச ஆரம்பித்தேன். பதினொன்றாம் வகுப்பு முழுதும் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஆசிரியர் வேலைக்கு வர ஆளில்லை. பள்ளிக்கு ஆறு பேராக மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். விடுமுறையில் பயிற்சி, பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம். பேசும் பொறுப்பைத் தலைமையாசிரியை என் தலையில் கட்டினார்.

"பேச்சுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல சார்."

பேசினேன். ஒரு பிள்ளைக்கு ஒரு விஷயம் புரிகிற நொடியில் அதன் முகம் மாறுவதைப் பற்றிச் சொன்னேன். அதை எதிரில் நின்று பார்க்கக் கிடைப்பது நமக்கு மட்டும்தான் என்றேன். இருபத்திரண்டு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஆசிட். ஆசிட் கண் கலங்கியதாக அன்று பள்ளி முழுதும் பேச்சு. கலங்கியது உண்மைதான்.

பதினான்கு பேர் படிவம் வாங்கினார்கள். பதினான்காவது என் மகள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நீ எதுக்கு வாங்கின?"

"நீங்கதானே பேசினீங்க."

"அது மத்தவங்களுக்கு."

"நானும் அங்கதான்பா உக்காந்திருந்தேன்."

மருந்துக்கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். "ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி சொந்த வீட்டு ஆள் உக்காந்திருக்கான்னு பாத்துக்கணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் அவள் அண்ணன் வந்திருந்தார். அவருடைய பெண் மருத்துவம் படிக்கிறாள். "என்ன மாப்ள, வாத்தியார் பிள்ளை மக்குன்னு சொல்வாங்களே, உன் வீட்ல எப்படி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் டாக்டராகப் போகிறாள் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் அதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

தேர்வு முறை எளிது. விண்ணப்பித்தவர் ஆறாம் வகுப்புக்கு இருபது நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். ஓர் ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தில் குறிப்பு எழுதுவார். பதினான்கு பேருக்கும் நான்தான் உட்கார்ந்தேன். மகளின் முறை வந்தபோது, வேறு யாரையாவது அனுப்பவா என்று தலைமையாசிரியை கேட்டார். வேண்டாம் என்றேன்.

"அதானே. சொந்தப் பிள்ளைன்னு நீங்க சலுகை காட்டமாட்டீங்க, தெரியும்."

அவளுக்கு முன்னால் எடுத்தது ஒரு தையல்காரரின் மகன். வகுப்பில் அவன் பெயர் ஊமைக்கோட்டான். கரும்பலகையைப் பார்த்தபடியே முணுமுணுத்தான். முதல் பெஞ்சுக்கே எட்டவில்லை. 'பொறுமைசாலி, பழகப் பழகச் சரியாகும்' என்று எழுதினேன். அதிலும் பொய் இல்லை.

பிறகு அவள் வந்தாள். ஈரத்துணியால் கரும்பலகையில் ஒரு கோடு இழுத்தாள். ஒன்றும் பேசாமல் நின்றாள். கோடு மெல்ல மறைந்தது.

"தண்ணி எங்க போச்சு?"

"பலகை குடிச்சிடுச்சு அக்கா," என்றது ஒரு குரல். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"இருக்கலாம். சரி, இந்த டிபன் பாக்ஸ் மூடி தண்ணி குடிக்குமா?"

மூடியில் மூன்று சொட்டு விட்டு, பதில் சொன்ன பையனிடமே கொடுத்து ஜன்னலோர வெயிலில் வைக்கச் சொன்னாள். அவன் பாடம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் மூடி காய்ந்ததும் எழுந்து, "அக்கா, மூடி குடிக்காது. அப்போ பலகையும் குடிக்கல," என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். ஹாலில் நான் வர்ணித்தது அதைத்தான். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு அந்த மூடி தோன்றியதில்லை.

படிவத்தை எடுத்தேன். பேனா மூடியைத் திறந்தேன். 'பாடம் நன்று. ஆனால் குரல் கடைசி பெஞ்சை எட்டவில்லை. தற்போது பரிந்துரைக்க இயலாது.' கையெழுத்துப் போட்டேன். எங்கள் தொழிலில் அந்த ஒரு வரிக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். ஊமைக்கோட்டான் இருந்தான். அவள் இல்லை.

அழுவாள் என்று நினைத்திருந்தேன். அழுதால் தேற்றிவிடலாம். என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"நீங்க எழுதினதை மேடம் காட்டினாங்க. அடுத்த வருஷமும் ஆள் எடுப்பாங்களாம். குரலை மட்டும் சரி பண்ணிக்கோன்னாங்க."

"சரி, விடு. டாக்டருக்குப் படி."

"எதுக்குப்பா? இது ஒண்ணுதானே குறை. வேற யாராவது உக்காந்திருந்தா சும்மா நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க. நீங்க இருந்ததாலதான் எனக்குத் தெரிஞ்சுது."

நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் பின்னறையில் நின்று பாடப்புத்தகத்தை உரக்கப் படிக்கிறாள். மூன்றாம் நாளே தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி படித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

"கூரையே பிச்சுக்கிட்டுப் போகுது," என்றாள் மனைவி. "இதுக்கு மேல என்ன குரல் வேணுமாம் உங்களுக்கு?" பிறகு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

நேற்று மாலை மகள் என் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தெருக்கதவுக்கு வெளியே நிறுத்தினாள். கதவுக்கும் பின்னறைக்கும் நடுவே மூன்று அறைகள். எவ்வளவு தூரம் என்று அடி வைத்து அளந்திருந்தாள். வகுப்பைவிட எட்டு அடி அதிகமாம்.

"பொய் சொல்லாம சொல்லணும், சரியா? எனக்காகப் பாவம் பாக்காதீங்க."

உள்ளே ஓடினாள். படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. குரல் கட்டிய இடமும் கேட்டது. தெருவில் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார். ஒரு பத்தி முடிந்தது. அவள் நிறுத்தினாள்.

"அப்பா, இப்போ கேக்குதா?"