ஏழு கொட்டைகள் குறைந்த போத்தல்

...அந்த ஊசியில் இந்த மனுசனுடைய கையைக் குத்திவிட்டால் என்ன, கடுதாசிகளைக் குத்திவைக்க மேசைமேல் நிற்கிற இரும்பு ஊசி, கூராகத்தான் இருக்கிறது, உள்ளங்கையால் போய்ப் புறங்கையால் வரும், பிறகு எண்ணட்டும் முப்பத்தேழு... பஸ்மினா உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் நோன்பு, நான் நோன்பு. கோபம் வந்தால் அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டும், மத்ரஸாவில் படித்ததுதான், ஆனால் படித்துக்கொடுத்தவர் ஒருநாளும் இப்படி நாக்கு வறண்டு சட்டத்தரணியின் கிளாக்கர் கச்சிமுகம்மதுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டார். கிளாக்கர் கலண்டரில் பேனையை வைத்து இன்னொருமுறை எண்ணினார். "தீர்ப்பு வந்தது முதல் நோன்பண்டு. மேன்முறையீடு போட முப்பது நாள்தான், அதுக்குள்ள வாங்க எண்டு செல்லித்தானே தங்கச்சி அனுப்பின. இண்டைக்கு முப்பத்தேழு. அந்த ஏழு நாளும் எங்க போச்சு?"

எங்கே போனது... போத்தலுக்குள் போகவில்லை, அதுதான். நோன்பு திறக்கிற பேரீச்சம்பழத்தின் கொட்டையை நாளுக்கொன்றாக ஜாம் போத்தலில் போடுவாள், பதினைந்து வருடப் பழக்கம், மாதவிடாய் வந்த நாட்களில் நோன்புமில்லை கொட்டையுமில்லை, பெருநாள் கழித்து, விட்ட நோன்புகளைப் பிடித்து முப்பதாக்கினால்தான் அவளுடைய றமழான் முடியும். சட்டத்தரணி முப்பது நாள் என்றதும் மனம் நேரே அந்தப் போத்தலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெருநாளன்று இருபத்துமூன்று கொட்டை. இன்று மகரிபுக்கு, பொழுதுபட்டு நோன்பு திறக்கையில், விழப்போவது முப்பதாவது. பகலிலேயே வந்துவிட்டோம் என்று நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது பெருமை வேறு. புத்தி கெட்டவளே, சுவரில் கலண்டர் தொங்கவில்லையா உனக்கு, இந்தத் தலையைக் கொண்டுபோய் அந்தச் சுவரிலேயே மோது, இரத்தம் வருமட்டும் மோது.

அவள் வேலை செய்த தையல் ஆலையில், அந்தக் காமென்டில், சுப்பவைசர் மசூரின் கையை அயன் மேசையில் அழுத்திப் பிடித்தவளும் இவள்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவனுடைய புறங்கையில் சூடான அயனை வைத்தாள், சர்ரென்ற சத்தம், கருகல் மணம், அவன் அலறிய அலறலில் மெசின்கள் நின்றுவிட்டன, தோல் அயனோடு ஒட்டிக்கொண்டு வந்தது, மூன்று பெண்கள் முடியைப் பிடித்து இழுத்துத்தான் அவளை எடுத்தார்கள். எடுத்திருக்காவிட்டால் எலும்பு தெரியும்வரை விட்டிருக்க மாட்டாள். சந்தோசமாக இருந்தது, அதை எந்த நீதிமன்றத்தில் சொல்வது... அன்று பின்னேரம் கூடப்பிறந்த மூத்தவன் அபூசாலி அறைந்ததில் காது மூன்று நாள் இரைந்தது. "ஊரெல்லாம் கதைக்கிற மாதிரி என்ன வேல செஞ்சிட்டு வந்திரிக்காய்" என்றான், மசூர் என்ன செய்தான் என்று கேட்கவில்லை. வேலை போனது. தொழில் நியாய சபையில்தான் கேட்டார்கள், அதுவும் மூன்று தரம். பிழையாக நடந்தார் என்கிறீர்களே, எப்படிப் பிழையாக? பின்வாங்கில் அபூசாலி இருந்தான். பிழையாத்தான், என்றாள். மூன்று தரமும் அதையே சொன்னாள். காரணமின்றித் தாக்கினார், வேலைநீக்கம் சரி என்று எழுதி வந்துவிட்டது. காரணமின்றி... இனி எந்தக் காமென்ட் வாசலில் போய் நின்றாலும் விசரி, பைத்தியக்காரி என்றுதான் பார்ப்பார்கள். வேலைகூடப் போகட்டும், இந்தச் சொல்லைத் தலையில் சுமந்துகொண்டா மய்யித்தாக மண்ணுக்குள் போவது? மேல் நீதிமன்றத்தால்தான் அதை அழிக்க முடியும், அதற்கும் வழியைத் தானே அடைத்துக்கொண்டாள்.

"பிந்தினதுக்குக் காரணம் செல்லி ஒரு சத்தியக்கடதாசி போட்டுப் பாக்கலாம்," என்றார் கச்சிமுகம்மது. "எடுப்பாங்களோ மாட்டாங்களோ, அத எனக்குச் செல்ல ஏலா. சுகமில்லாம கிடந்தீங்களா?" இல்ல காக்கா, என்றாள். "அப்ப நடந்தத நடந்த மாதிரிச் செல்லுங்க, சத்தியம் பண்ணி ஒப்பம் வைக்கிற கடதாசி." நடந்தது... அன்றும் நோன்பில்லாத அந்த நாட்களில் ஒன்றுதான், இரண்டாம் தரம் கக்கூசுக்குப் போய் அயன் மேசைக்குத் திரும்பியபோது மசூர் பின்னால் வந்து நின்று, "மாசா மாசம் இதே பொய்தானே, பாக்கட்டா" என்று சிரித்துக்கொண்டு கையைக் கொண்டுபோனானே... மூன்று தரம் கேட்டும் தொண்டைக்குள் நின்ற சொல் இதோ இப்போதும் அங்கேயேதான் நிற்கிறது, அயனுக்கும் இந்த ஏழு நாளுக்கும் காரணம் அதே சொல், வேறொன்றுமில்லை. மசூருக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு வாயில் இலகுவாக வந்தது. எழுதுங்க காக்கா, என்றாள். கிளாக்கர் வெள்ளைத்தாளை இழுத்து வைத்து, அவளுடைய முகத்தைப் பாராமல் பேனையோடு காத்திருந்தார். அந்த ஊசி அங்கேயே நின்றது, அதில் குத்துவதற்கு இப்போது யாருடைய கையும் ஞாபகத்துக்கு வரவில்லை. மசூரின் தோலை உரிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.