கைக்குத் தெரிந்தது

தலையில் தடவிய பசை காதுக்குப் பின்னால் வழிந்தது. துடைத்துக்கொள்ள வியோரிகா கையைத் தூக்கினாள்.

"அசையாதீங்கக்கா, இன்னும் அஞ்சு நிமிஷந்தான்" என்றாள் இலிங்கா. பல்கலைக்கழகத்தில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண். வியோரிகாவுக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

நீச்சல் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, அதிலிருந்து கொத்துக் கொத்தாய் ஒயர்களை இழுத்திருந்தார்கள். எதிரே திரையில் ஐந்தைந்து அம்புகளாக வந்து மறைந்தன. நடு அம்பு காட்டும் பக்கத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். மற்ற நாலும் குழப்புவதற்கென்றே இருந்தன. டிராம் பணிமனைப் பலகையில் இதற்கு ஆள் கேட்டு ஒட்டியிருந்தார்கள். போனால் ஒருநாள் விடுப்பு. அதற்காகத்தான் பெயர் கொடுத்தாள். ஐம்பத்தோரு வயது, டிராம் ஓட்ட வந்து இருபத்து நாலு வருஷம். எங்காவது ஒருநாள் உட்கார்ந்திருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

முடிந்ததும் இலிங்கா தன் முன்னாலிருந்த திரையைத் திருப்பிக் காட்டினாள். மூளையின் அலையை வரைந்த கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கி, பிறகு மேடாக ஏறியது.

"தப்பு பண்ணினா எல்லாரும் அடுத்த அம்புக்குக் கொஞ்சம் நிதானிப்பாங்க. நீங்க நாலஞ்சு அம்புக்கு அப்படியே நின்னுடறீங்கக்கா."

"இந்தப் பள்ளம் என்ன?"

"தப்பான பொத்தானை அமுக்கின உடனே வர்றது. ஒரு நொடியைப் பத்தா வெட்டினா ஒரு துண்டு, அதுக்குள்ள வந்துடும். ஐயோ தப்பாச்சேன்னு உங்களுக்குத் தோணறது அப்புறந்தான். அது இந்த மேடு."

"அப்போ எனக்கு முன்னாடியே உள்ள தெரிஞ்சிடுது."

"ஏதோ சரியில்லன்னு பட்டுடும்."

வியோரிகா அந்தப் பள்ளத்தின்மேல் விரலை வைத்தாள். "பட்டப்புறம் கையை நிறுத்த முடியுமா?"

"அமுக்கினது அமுக்கினதுதானே. அடுத்ததை நிறுத்தலாம்."

"முன்னாடி எப்பவோ நடந்த ஒண்ணை இதுல பாக்க முடியுமா?"

"முடியாதுக்கா. இது இன்னிக்குப் பாத்த அம்பு மட்டுந்தான்."

அவள் கேட்டது போன மார்ச் மாதத்து ஒரு காலையைப் பற்றி. நாலு நிமிஷம் தாமதமாக ஓடிக்கொண்டிருந்தது வண்டி. நிறுத்தத்தில் கதவை மூடும் பொத்தானை அமுக்கினாள். அங்கெல் என்ற ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்த மேல்கோட்டின் ஓரம் கதவில் சிக்கிவிட்டது. வண்டி நகர்ந்து அவரைப் பத்தடி இழுத்துக்கொண்டு போய்க் கீழே தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்தது. 'ஆளுங்க கத்தினப்புறந்தான் எனக்குத் தெரியும்' என்று விசாரணையில் சொன்னாள். பக்கக் கண்ணாடியில் பனி படிந்திருந்தது என்று எழுதிக்கொண்டு, எச்சரித்து விட்டுவிட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவை மூன்று தடவை பார்க்கிறாள். "அக்கா, இது டிராமா, சவ ஊர்வலமா?" என்று பின்னாலிருந்து கேட்கிறார்கள். வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடியாத களைப்பு. வயதாகிறது என்றுதான் இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அறை மூலையிலிருந்த தொட்டியில் பசை போகத் தலையை அலசினாள். ஈரத் தலையோடு வெளியே வந்தவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. அங்கெலின் முகவரி விசாரணைத் தாளில் இருந்தது. ஆறு மாதமாக அது அவளுக்கு மனப்பாடம்.

லிஃப்ட் இல்லாத கட்டிடம், நாலாவது மாடி. கதவைத் திறந்தவர் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"தலை ஏன் நனைஞ்சிருக்கு? மழையா?"

"இல்ல சார். மூளையைப் பாத்தாங்க."

"இருந்துச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "சார், கதவை மூடின உடனே ஏதோ தப்புன்னு எனக்குப் பட்டுச்சு. விரல் தானா மேல எழும்பிடுச்சு. அப்படியும் வண்டியை எடுத்தேன். நாலு நிமிஷம் லேட்டு."

அங்கெல் மேசைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். "தெரியும். கண்ணாடியில உங்க மூஞ்சியைப் பாத்தேன். பனியெல்லாம் ஒண்ணும் இல்ல. என்னைத்தான் பாத்தீங்க. அப்புறம் முன்னாடி திரும்பிட்டீங்க."

"விசாரணையில சொல்லலியே."

"ஞாபகமில்லன்னேன். உங்களுக்காக இல்ல. ஆளாளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லணுமேன்னு அலுப்பு. நாப்பது வருஷம் பசங்க தப்பைத் திருத்தியே ஓஞ்சு போயிட்டேன்."

"நாளைக்குப் போய் மாத்திச் சொல்லப் போறேன்."

"வேலை போகும்."

"போகும்."

"சொல்லுங்க. வேண்டாம்னு நான் தடுப்பேன்னு நெனச்சு வந்திருந்தா, தடுக்க மாட்டேன்."

அப்படி நினைத்துத்தான் வந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்துகொண்டாள். வாசல்வரை போனவளை அவர் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் நான் கீழயே இறங்கல. மக இத்தாலியில இருந்துக்கிட்டு தெனம் நட நடங்கறா. வந்ததுதான் வந்தீங்க, கையைக் குடுங்க."

ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி, மறுபக்கம் அவள் தோள். ஊன்றுகோலை வீட்டிலேயே விட்டுவிட்டார். ஒரு படி, நிறுத்தம், இன்னொரு படி. அவர் மூச்சு அவள் காதருகில் கேட்டது. மூன்றாவது மாடி தாண்டியதும் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றுவிட்டார். அவள் ஒரு படி கீழே இறங்கித் தோளைச் சாய்த்துக் கொடுத்தாள். எந்த வீட்டிலோ குளிர்காலத்துக்குச் சேமித்து வைக்கக் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கருகிய தோலின் வாசனை படிக்கட்டு முழுவதும் நிறைந்திருந்தது. கீழேயிருந்து பை நிறையக் கத்திரிக்காயோடு ஏறி வந்த ஒரு பெண் இருவரையும் பார்த்து, பையை வயிற்றோடு அணைத்தபடி சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றாள். அங்கெல் வலது காலை முன்னால் நீட்டினார். வீட்டுச் செருப்பின் நுனி அடுத்த படியைத் தேடிக் காற்றில் தடவிக்கொண்டிருந்தது.