ஒன்பதாம் துளையில் பன்றி

2011 மார்ச் 9. ஆன்யாங் நகரின் புறத்தே, ஹுவான் ஆற்றின் தென்கரைக் கிராமம் ஒன்றில், ஹாவ் லியான்குய் என்பவரின் காலி மனையில் தொல்லியல் குழு பதினாறு துளைகள் போட்டது.

மூவாயிரம் ஆண்டுப் பழைய தலைநகரம் மண்ணுக்குள் கிடப்பதால், அந்தப் பக்கத்தில் வீடு கட்டுமுன் துளை போட்டுப் பார்க்க வேண்டும். கீழே ஒன்றும் இல்லையென்றால்தான் அனுமதி. லியான்குய்யின் மகனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. இலையுதிர் காலத்துக்குள் புது வீடு எழும்பாவிட்டால் பெண் தரமாட்டோம் என்று பெண்வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

ஒன்பதாம் துளையில், நீண்ட கழியின் நுனியிலிருந்த, மண் அள்ளும் வாரியில் எலும்புத் துண்டு ஒன்று வந்தது. துளை போட்ட லூ பாவ்தியான் அதே ஊர்க்காரர்.

"மனுஷ எலும்பா?" என்று லியான்குய் கேட்டார்.

"பன்னி மாதிரி இருக்குண்ணே."

"அப்பச் சரி. பழைய பன்னிக்கொட்டிலா இருக்கும். மேலத்தெருக்காரனுக்கு மண்டையோடு வந்து, அனுமதி கெடைக்காம நாலு வருஷமா தம்பி வீட்ல ஒண்டிக் கெடக்கான்."

"சம்பந்தி வந்தா இதையே சமைச்சுப் போடுங்க."

லியான்குய் சிரித்தார். வெறும் பன்றிதான் என்று காட்டிவிட்டால் சீக்கிரம் கையெழுத்தாகும் என்று நினைத்து, குழியை அகலமாகத் தோண்டும்படி குழுத்தலைவி யான் ஷூச்சினை அவரே கேட்டுக்கொண்டார்.

மூன்று நாள் தோண்டினார்கள். பன்றி முழுசாக இருந்தது. கட்டிப்போட்டதுபோல் நான்கு கால்களும் சேர்ந்திருந்தன. பக்கத்தில், துளை எதுவும் தொடாத இடத்தில், இடித்து இறுக்கிய மண் அடுக்கடுக்காகப் போனது.

யான் குச்சியால் தரையில் ஓர் எழுத்தைப் போட்டார். மேலே கூரை, கீழே பன்றி. வீடு என்பதற்கு இன்றும் எழுதுவது அதைத்தான்.

"வீட்ல பன்னி வளத்ததால இப்படின்னு சிலர் சொல்வாங்க. அஸ்திவாரம் போடும்போது பலி குடுத்ததாலன்னு சிலர் சொல்வாங்க. இது பலி குடுத்தது. அந்த இறுகின மண்ணுதான் அஸ்திவாரம். இங்க பெரிய கட்டடம் இருந்திருக்கு."

லியான்குய் எழுத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அதக் கட்டினவனுக்கு யாரு அனுமதி குடுத்தாங்க, மேடம்?"

யான் நோட்டைத் திறந்து குறிக்கத் தொடங்கினார். லியான்குய் லூவின் பக்கம் திரும்பினார்.

"லூ, நான் தோண்டச் சொல்லாம இருந்திருந்தா?"

லூ வாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு துண்டு எலும்புதானேண்ணே. குறிச்சுக்கிட்டுப் போயிருப்போம்."

லியான்குய் உள்ளே போய், ஆறிப்போன நூடுல்ஸைச் சாப்பிட்டார்.

ஏப்ரலில் உத்தரவு வந்தது. மனையில் கட்டடம் எழுப்பக் கூடாது. பன்றியை மண்ணோடு பெயர்த்து மரப்பெட்டியில் கொண்டுபோனார்கள். குழியை மூடினார்கள். பெண்வீட்டார் நிச்சயத்தில் பெற்றுக்கொண்ட பொருள்களைத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பரில் அந்தப் பெண்ணுக்கு ஹெபி நகரத்தில் வேறொருவருடன் திருமணம் நடந்தது.