சட்டைப்பையில் மூன்று நாள்

கயிறு வாங்கத்தான் ஜமீர் அந்தத் தீவுக்குப் போனான். அறுபத்தேழாம் வருஷம். மனைவி வஹிதா இறந்து ஏழு மாதம். தருமபுரியில் கயிற்றுக்கடை வைத்திருந்த மாமா நூர் பாஷா அனுப்பினார். "பி.ஏ. படிச்சுட்டு மூலையில குந்திக்கிட்டு இருந்தா போனவ எந்திரிச்சு வந்துடுவாளா? போடா, கடலைப் பாத்துட்டு வா."

கோழிக்கோட்டிலிருந்து கப்பலில் இரண்டு நாள். கயிறு விற்பவரின் வீட்டிலேயே தங்கினான். அவர் மகள் ஹவ்வா தூத்துக்குடியில் வளர்ந்தவள், தமிழ் வரும். அவள் புருஷன் இஸ்மாயிலுக்கும் தமிழ் வரும். சரக்குக் கப்பலில் மாலுமி. போய் மூன்று வருஷம். தீவில் பாதி ஆண்கள் அப்படித்தான், எங்கோ கடலில்.

முதல் நாள் சாப்பாட்டுக்கு ஜமீர் ஒரு பலகையில் உட்கார்ந்தான். ஹவ்வா வேறு பலகை எடுத்துப் போட்டாள். "அது அவுகளுது காக்கா." தூத்துக்குடிப் பழக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பாள்.

மறுநாள் ஒரு நீலச் சட்டையை வெயிலில் போட்டாள்.

"துவைக்கவே இல்லையே, எதுக்குங்க காயப்போடறீங்க?"

"உப்புக் காத்துல பூத்துப்போயிரும். வந்தா உடுத்தணும்லா?"

வஹிதாவின் புடவைகளை நாற்பதாம் நாளே அவன் அம்மா யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அந்தச் சட்டையைப் பார்க்க ஜமீருக்கு வயிறு எரிந்தது. ஆளே இல்லாமல் ஒருத்தன் வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தான்.

"வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டான்.

"முழங்கால் தண்ணியில இளநியோட நிக்கணும். பொண்டாட்டி கையால குடிச்சிட்டுத்தான் ஆம்பளை கரையேறுவான். அவ நிக்கலேன்னா வீட்டுக்கு வரமாட்டான். படகுக் கொட்டகையிலயே கிடப்பான். எங்க பெரியம்மா ஒருக்கா அசந்து தூங்கிட்டா. பெரியப்பா அடுத்த கப்பல்லயே திரும்பிப் போயிட்டாரு."

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

செவ்வாய்க்கிழமை மாமாவுக்கு விலை சொல்லித் தந்தி அடிக்கப் போனான். அங்கிருந்த குமாஸ்தா ஒரு தந்தியை நீட்டினார். "அந்த வீட்டுக்குத்தானே போறீங்க, குடுத்துடுங்க." ஆங்கிலத்தில் ஒரே வரி. வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன், இஸ்மாயில்.

ஜமீருக்கு அதுவரை வந்தது ஒரே தந்தி. பிரசவத்துக்கு ஆம்பூர் போய்ப் பிள்ளையோடு திரும்பவிருந்த வஹிதாவை அழைத்துவர மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வண்டி பேசி வைத்திருந்தான். அன்று காலை அவன் ஊரான இண்டூருக்குத் தந்தி வந்தது. தாயும் பிள்ளையும் இல்லை. அதுவும் ஒரே வரி.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். புதன் போயிற்று. வியாழன் போயிற்று. ஹவ்வா டீ கொடுக்கும்போதெல்லாம் கை பைக்குப் போய்த் திரும்பியது. இஸ்மாயிலுக்கும் ஒரு தரம் யாரும் நிற்காமல் போகட்டும். ஒரே ஒரு தரம்.

வெள்ளிக்கிழமை. தூரத்தில் கப்பல் நின்றது. ஆட்களை இறக்கி வர படகுகள் போயிருந்தன. அதே கப்பலில்தான் ஜமீரும் திரும்ப வேண்டும். ஹவ்வா வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டு வாங்க காக்கா. அடுத்த தரம் மதினியையும் கூட்டிட்டு வாங்க."

வஹிதா இல்லை என்று அவன் அங்கே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

தந்தியை எடுத்தான். வாசித்தான். "செவ்வாய்க்கிழமையே வந்துச்சுங்க."

ஹவ்வா ஒரே ஒரு தரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கரைக்கு ஓடினாள். ஜமீரும் பின்னால் போனான்.

இளநீர் பறிக்க நேரமில்லை. நார் ஒட்டிய வெறுங்கையோடு தண்ணீரில் நின்றாள். படகில் இஸ்மாயில் எழுந்தான். குள்ளமான, முன்வழுக்கை விழுந்த ஆள். அவள் கைகளைப் பார்த்தான். ஹவ்வா குனிந்து இரண்டு கையாலும் கடல்நீரை அள்ளி நீட்டினாள். அவன் குடித்தான். முகம் கோணியது.

"மூணு வருசமா இதைத்தாண்டி குடிச்சேன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"இவுகதான் தந்தியைக் கொண்டாந்து தந்தாக" என்றாள் ஹவ்வா. எப்போது என்று சொல்லவில்லை.

இஸ்மாயில் இரண்டு கையாலும் ஜமீரின் கையைப் பிடித்துக்கொண்டான். "எந்த ஊரு?"

"தருமபுரிங்க."

"கடல் உண்டா?"

"இல்லீங்க."

"அப்ப நீங்க போறப்ப உங்க வீட்டம்மா எங்க நிப்பாக?"

"ஸ்டேஷன்ல" என்றான் ஜமீர்.

ஜமீர் ஏறியதும் படகு நகர்ந்தது. அவர்கள் இருவரும் வீட்டுப்பக்கம் திரும்பி நடந்தார்கள். மொரப்பூர் வரைக்கும் அவன் வயிற்றெரிச்சல் ஆறவில்லை.