ஏழு கோப்பை கஹ்வா

மதுரை மாநகரவாசிகள் அனைவருக்கும் இதன் மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில், மகால் பக்கத்து வெங்கடேஷ்பாபு அரபு மொழியில் இடைநிலைத் தேர்ச்சி பெற்றுவிட்டார். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், இப்போது இது. அவர் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையில், வெளிநாட்டு நோயாளிகள் பிரிவின் மேசைமேல் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் நிமிர்ந்து நின்றது.

"மொழி மட்டும் பத்தாது ஜமீலு, பண்பாடு தெரியணும்" என்பார், மருத்துவமனை வேன் ஓட்டும் ஜமீலிடம். "அரபிக வீட்ல காபிக் கோப்பைய லேசா ஆட்டிக் காட்டுனாத்தான் போதும்னு அர்த்தம். ஆட்டலைன்னா ஊத்திக்கிட்டே இருப்பாங்க. மூணுக்கு மேல குடிக்கிறது மரியாதை இல்ல."

ஜமீல் பதினொரு வருஷம் ஓமானில் வண்டி ஓட்டியவர். "அம்புட்டு இருக்காண்ணே அதுல? நான் பாட்டுக்குக் குடிச்சிட்டு வந்துட்டேனே!"

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் பத்மாசினி கூப்பிட்டார். ஓமானிலிருந்து வந்திருந்த பெரியவருக்கு வலது கண் தப்பிவிடும். இடது கண்ணில் இனிப் பார்வை வராது. "பக்குவமா நீங்களே சொல்லிருங்க சார்." அரபு பேசத் தெரிந்த ஜமீலும் விமான நிலையத்துக்குப் போயிருந்தார்.

பாடப்புத்தகத்தில் விமான நிலையம் இருந்தது, சந்தை இருந்தது, ஒட்டகப் பந்தயம்கூட இருந்தது. இது இல்லை.

அறையில் பெரியவர் தன் பிளாஸ்கைத் திறந்து, பிடியில்லாத சின்னக் கோப்பையில் அரபுக் காபியான கஹ்வாவை ஊற்றிக் கொடுத்தார். வெங்கடேஷ்பாபு குடும்பத்தை விசாரித்தார். மழையை விசாரித்தார். பேரீச்சை மரங்களை ஏறக்குறைய தனித்தனியாக விசாரித்தார். மூன்றாவது கோப்பை முடிந்தது. ஆட்டினால் விஷயத்துக்கு வர வேண்டும். கை ஆடவில்லை. பெரியவர் ஊற்றினார். நான்கு. ஐந்து. சொல்ல வேண்டிய வாக்கியம் எழுவாய், பயனிலையோடு பிழையின்றித் தயாராக இருந்தது. வாய்க்குத்தான் வரவில்லை.

ஏழோடு பிளாஸ்க் காலி. பெரியவர் வெங்கடேஷ்பாபுவின் கையிலிருந்த கோப்பையை வாங்கி, தானே மெல்ல ஆட்டிக் கீழே வைத்தார்.

"நான்காவதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது" என்றார். "காபி தீரட்டும் என்று இருந்தேன். எந்தக் கண்?"

"இடது."

பெரியவர் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு வெங்கடேஷ்பாபுவின் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினார்.

வெளியே, விமான நிலையத்திலிருந்து திரும்பிவிட்ட ஜமீல் நின்றுகொண்டிருந்தார். "என்னண்ணே, சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்."

சொன்னது ஒரு சொல். அது தொடக்கநிலைப் புத்தகத்தில் மூன்றாம் பாடம்.