உப்பு மேலே போகாது

“றுக்ஸானாட ஊடு முடிஞ்சொடன வந்திருவன், புள்ள. அவதானே கடைசித் தங்கச்சி.”

“மெய்யா, மச்சான்?”

“மெய்தான். பொறகு நீதான் என்னத் தொல்ல எண்டு விரட்டப்போறாய்.”

ஐந்து வருடங்களுக்கு முன் கத்தாருக்குப் புறப்பட்ட அன்று கணவன் ஸாஜித் சொன்னது. நிப்லா சிரித்தாள். போக வேண்டாம் என்று கேட்க வந்த வாய் அந்தச் சிரிப்போடு மூடிக்கொண்டது. தங்கைக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் சாய்ந்தமருதில் கல்யாணம் பேச முடியாது. நிப்லா இருக்கும் வீட்டையும் அவளுடைய உடன்பிறந்த காக்கா றியாத்தில் உழைத்துத்தான் கட்டினார். அந்த வருடங்களில் மதினியின் முகத்தை அவள் ஒருநாளும் கவனித்துப் பார்த்ததில்லை.

போன மாதம் றுக்ஸானா புது வீட்டில் குடிபுகுந்தாள்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் ஸாஜித் வீடியோவில் வந்தான். மகள் நஸ்லா அடுப்படியில் நின்றாள். மழை எங்கிருந்து வருகிறது என்று திங்கட்கிழமை முதலாம் வகுப்பில் அவள் சொல்ல வேண்டும். அதற்காக நிப்லா கடல் தண்ணீரைச் சட்டியில் கொதிக்கவைத்து மூடியிருந்தாள்.

“வாப்பா, வெயில் கடலச் சூடாக்கும். தண்ணி ஆவியாகி மேல போகும். கண்ணுக்குத் தெரியா.”

“தெரியாட்டி எப்பிடி நம்புற?”

“இஞ்ச பாருங்க!”

நிப்லா மூடியைத் தூக்கிக் காட்டினாள். அடியில் முத்து முத்தாய்த் துளிகள்.

“மேல குளிர். ஆவி திரும்பவும் சின்னத் துளியாகும். கனக்கத் துளி சேந்தா மேகம். காத்து அதத் தள்ளிக்கிட்டுப் போகும். பாரமானா மழ. வட்டை வயல்ல, ஆத்துல விழுந்து, திரும்பக் கடலுக்கே வந்திரும். கொஞ்சம் மண்ணுக்குள்ள எறங்கி நம்மட கெணத்துக்கு வரும்.”

நஸ்லா ஆறிய மூடியை விரலால் தொட்டு நக்கினாள். “உப்பே இல்ல!”

“அப்ப உப்பு எங்க போன?”

“அது மேல போகா வாப்பா. சட்டிக்குள்ளயே கெடக்கும்.”

ஸாஜித் விழுந்து விழுந்து சிரித்தான். “ஒரு மேகத்த இஞ்சயும் தள்ளி விடு மகள். நாங்க கடலக் காய்ச்சித்தான் குடிக்கிறம்.”

“நீங்க எப்ப வாற?”

“உன்ட ஊடு முடிஞ்சொடன, கிளி.” பிறகு நிப்லாவைப் பார்த்தான். “புரோக்கர் முகைதீன்பாவா பாலமுனையில ஒரு வளவுக் காணி பாத்து வெச்சிருக்காராம். பொம்புளப் புள்ள. இப்பவே தொடங்கினாத்தான் சரி. கேக்குதா, புள்ள?”

தங்கைமார் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் அவள் “ஓம் மச்சான்” என்றுதான் சொல்லியிருந்தாள். இப்போதும் அந்தச் சொல்லுக்காகத்தான் அவன் காத்திருந்தான். தந்தையின் முகம் தெரிந்த ஃபோன் கண்ணாடியை நஸ்லா விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவன் மடியில் ஏறி இருந்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

“வேணா, மச்சான்.”

“என்னத்த வேணா?”

“வளவும் வேணா, ஊடும் வேணா. நீங்க வந்திருங்க. இனிப் போகாதீங்க.”